ஹில்டாவுக்கு ஒரு சிவப்பு அட்டை

தோட்டக் காண்ட்ராக்ட் தொழிலில் எழுதாத விதி ஒன்று உண்டு: செடி வளர்ந்தால் அது மேனேஜரின் மேற்பார்வை, செத்தால் அது காண்ட்ராக்டரின் கைவரிசை. கம்பெனிக்காரர்களுக்குச் செடி வைத்துக் கொடுத்துப் பிழைப்பு நடத்தும் என் சக பாவிகளே, இதைப் படித்ததும் நீங்கள் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

படப்பையில் எனக்கு ஒரு நர்சரி இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் ஒரகடம் ரோட்டிலும் கம்பெனிகள் முளைத்தபோது என் நாற்றுகளைவிட அவைதான் வேகமாக வளர்ந்தன. கட்டடம் முடிந்ததும் ஒவ்வொரு கம்பெனிக்கும் திடீரென்று பசுமை ஞாபகம் வரும். உடனே எனக்கு போன் வரும். புல்தரை போட்டு, மரம் வைத்து, வருஷம் முழுக்கப் பராமரிக்க வேண்டும். செடி பட்டுப்போனால் என் செலவில் வேறு வைக்க வேண்டும். இப்படிப் பல கம்பெனிகளில் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறேன். ஆனால் நான் தூக்கம் கெட்டுக் காத்தது ஒரே ஒரு மரத்தைத்தான்.

டெலிவரி தேதி

சேரப்பணஞ்சேரி தாண்டி, வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. அதன் அட்மின் மேனேஜர் வரதராஜன் சார். தங்கமான மனுஷர். ஆனால் ஒழுங்கு என்றால் உயிரை விடுவார், தன் உயிரை அல்ல, என் உயிரை. அவர் என்னைக் கூப்பிட்டபோது திறப்பு விழாவுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. வளாகம் முழுக்க ஜல்லியும் சிமென்ட் மூட்டைக் காகிதமும் கிடந்தன. "வி.ஐ.பி. வர்றப்ப எங்க பார்த்தாலும் பச்சையா தெரியணும் மேடம்" என்றார்.

நம் தொழிலில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நர்சரியில் பெரிய தொட்டிகளில் வளர்ந்து நிற்கும் மரங்களைத் தொட்டியோடு கொண்டுபோய்க் குழியில் இறக்கி, விளிம்பு தெரியாமல் மண்ணைப் போட்டு மூடிவிடுவது. என் ஆட்களுக்கு மேஸ்திரி கன்னியம்மா, சேரப்பணஞ்சேரிக்காரி. அவளும் அவள் பெண்களும் புல்லைப் பாய் மாதிரி விரித்து, தொட்டிகளைப் புதைத்து, விழா அன்றைக்குக் காலையில் ஒரு காட்டையே நிறுத்திவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். வரதராஜன் சாரே அந்தக் காட்டை நட்டவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் நாங்கள் போய்த் தொட்டிகளைத் தோண்டி லாரியில் ஏற்றினோம். பேச்சு அப்படித்தான், காட்சிக்கு வாடகைத் தொட்டி, அப்புறம் நிரந்தரமாகக் கன்று. அந்தக் கன்றுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. அவர் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். இது மரமாக எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார். அது மழையைப் பொறுத்தது, மண்ணைப் பொறுத்தது என்று இழுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கன்னியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் அவர் சொன்னார்: "எல்லா சப்ளையரும் எனக்கு டெலிவரி டேட் குடுக்கறாங்க மேடம். உங்க மரத்துக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்? வளர்ந்து முடிக்கிற தேதி ஒண்ணு சொல்லுங்க."

ஆடு வராத இடம்

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் அன்புச்செல்வி டீச்சர் என் நர்சரிக்கு வந்தார். கையில் ஒரு கூடை. கூடைக்குள் நான்கு கன்றுகள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம், உட்கார இடம் கொடுத்தவரிடம் தன்னை விட்டுவிட்டுக் கூடையை வைத்துக்கொள்ளச் சொன்னாராம். கன்னியம்மா எட்டிப் பார்த்து, "பூவரசுதானே இது? இதுக்கா மேடம் பஸ்சு ஏறி வந்தீங்க?" என்றாள். இலை அச்சு அசலாகப் பூவரசு மாதிரி இதய வடிவம்தான். ஆனால் அது பூவரசு இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும், உலகத்தில் வேறெங்கும் கிடையாது, கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும் காட்டில் வளர்கிற மரம் என்று டீச்சர் சொன்னார். கல்வராயன் மலையில் காய் பொறுக்கி வந்து முளைக்கப் போட்டதில் பெரும்பாலானவை பூச்சி அரித்த சொத்தை. தேறியவை இந்த நான்கு. லத்தீன் பெயர் நீளமாக ஏதோ சொன்னார், அதில் ஹில்டகார்டியா என்பது மட்டும் என் காதில் நின்றது. கன்னியம்மா அதையும் பாதியாக்கி 'ஹில்டா' என்று வைத்துவிட்டாள். அவள் தெருவில் ஹில்டா என்று ஒரு பெண்மணி உண்டு, அவரும் இப்படித்தான் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாராம்.

என்னிடம் ஏன் கொண்டுவந்தார் என்று எனக்குப் புரியவில்லை. நர்சரியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். அதில்லை. இவற்றைக் கம்பெனி வளாகத்துக்குள் நட வேண்டும் என்றார். "மலையில வச்சா ஆடு மேயுது, விறகுக்கு வெட்டறாங்க. ஊர்ல வச்சா மாடு மேயுது. இந்த ஜில்லாவுல ஆள் உயரச் சுவர், ராத்திரி பகல் வாட்ச்மேன், தவறாம தண்ணி, ஆடு மாடு எட்டிக்கூடப் பார்க்க முடியாத இடம் எது? உங்க ஃபேக்டரிதான்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. எத்தனை கம்பெனிக்கு வேலை செய்திருக்கிறேன், எதையும் ஒரு காடாக நான் நினைத்துப் பார்த்ததில்லை. நான்கையும் அந்த பிரேக் கம்பெனியிலேயே வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். என்ன விலை என்று கேட்டதற்கு அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "காசெல்லாம் வேணாம் ஸ்டெல்லா. இதுல ஒண்ணாவது காய்ச்சு, எனக்கு விதை குடுத்தீங்கன்னா போதும். அதுவரைக்கும் உயிரோட வச்சிருங்க."

ஹில்டாவுக்கு வந்த கண்டங்கள்

ஆட்டுக்கும் மாட்டுக்கும் பயந்து உள்ளே கொண்டுபோனோம். உள்ளே பஸ் இருந்தது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக ரிவர்ஸ் எடுத்து வந்து நிற்கும். முதல் கன்றைப் பின்சக்கரம் ஏறி நசுக்கிவிட்டது. டிரைவர் இறங்கி வந்து, செடி நடுவில் வந்து நின்றதாக என்மேல் பாய்ந்தார்.

இரண்டாவதின் கதை இன்னும் மோசம். தை பிறந்ததும் ஹில்டா இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். மழை விழுந்தால்தான் மறுபடி துளிர்க்கும். காட்டு மரத்துக்கு அதுதான் சாமர்த்தியம், தண்ணீர் இல்லாத நாளில் செலவைக் குறைத்துக்கொள்கிறது. வரதராஜன் சாருக்கு இது தெரியாது. ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் ஹில்டா இருந்த குழியில் ஒரு குரோட்டன்ஸ் பளபளவென்று நிற்கிறது. பதறிப்போய்க் கன்னியம்மாவைக் குப்பைமேட்டுக்கு அனுப்பினேன். கன்று கிடைத்தது, வேர் அறுந்து, வெயிலில் வதங்கி. தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சையாகத்தான் இருந்தது. திரும்ப நட்டோம், பிழைக்கவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக அவர் அறைக்குப் போய் நின்றேன். அவர் நாற்காலியைக் காட்டி, எனக்கு உபகாரம் செய்த முகத்தோடு சொன்னார்: "உங்களுக்குச் செலவு வைக்க வேணாம்னுதான் மேடம், அந்த டெட் பிளான்ட்டை நானே ரிமூவ் பண்ணி, ரீப்ளேஸ்மென்ட்டும் போட்டுட்டேன்."

ஆயுத பூஜை

மிச்சம் இரண்டு. ஒன்று பிரஸ் ஷாப்புக்குப் பக்கத்தில், ஒன்று கேன்டீனுக்குப் பின்னால் பஸ் நிற்கும் இடத்தின் ஓரத்தில். மழை பெய்ததும் இரண்டும் துளிர்த்து, அடுத்த வருஷங்களில் என் தலைக்கு மேலே போய்விட்டன. நானும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன்.

கம்பெனியில் பொங்கலைவிடப் பெரிய பண்டிகை ஆயுத பூஜைதான் என்பது நம் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு மெஷின்களுக்கு எண்ணெய் துடைத்து, சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுப்பார்கள். லைனுக்கு லைன் போட்டி வேறு, எந்த லைன் அலங்காரம் பெரியது என்று. பூஜைக்கு எனக்கும் அழைப்பு வந்திருந்தது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மணி அடித்தால் கிளம்புகிற ஆட்கள்தான், ஆனாலும் பொரிக்கு நான் மதம் பார்ப்பதில்லை. பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்தேன். பெரிய பிரஸ் மெஷினின் இரண்டு பக்கமும், வாழைக்கன்றுக்குப் பதிலாக, என் ஹில்டா. பிரஸ் ஷாப்புக்குப் பக்கத்தில் நின்ற மரத்தைப் பாதியில் வெட்டி, அதை இரண்டாக்கிக் கிளையோடு நிறுத்திக் கட்டியிருந்தார்கள். உலகத்தில் எண்ணிவிடக் கூடிய அளவுக்கே இருக்கும் மரம், நெற்றியில் குங்குமத்தோடு, பிரேக் தகடு அடிக்கும் மெஷினுக்குத் தோரணமாக நிற்கிறது. கற்பூரம் காட்டிக்கொண்டிருந்ததால் வாயைத் திறந்து கத்தவும் முடியவில்லை.

பூஜை முடிந்ததும் வெட்டியது யார் என்று கேட்டேன். இசக்கிமுத்து என்று ஒரு இளைஞன் முன்னால் வந்தான். திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் வாடகை அறையில் நண்பர்களோடு தங்கி, ஓ.டி. பார்த்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவன். வாழைக்கன்று விலை எகிறிவிட்டதாம், மரத்தின் இலை பார்க்க லட்சணமாக இருந்ததாம். அந்த மரம் என்ன, எங்கிருந்து வந்தது, டீச்சர் எப்படிக் கொண்டுவந்தார் என்று ஒரு மூச்சு திட்டித் தீர்த்தேன். கேட்கக் கேட்க அவன் முகம் சுருங்கிப்போனது. அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும் என்று நாங்கள் வைத்திருந்த நம்பிக்கையும் அந்த மழையில் தண்ணீர் தேங்கி அழுகிப்போனது. அன்றைக்கு அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்ன சமாதானம் இதுதான்: "யக்கா, தெரியாமச் செஞ்சுட்டேன். ஆனா மெஷினுக்குக் கெட்டுனா சாமிக்குக் கெட்டுன மாதிரிதானக்கா?"

சிவப்பு அட்டை

ஆக நான்கில் மிஞ்சியது கேன்டீனுக்குப் பின்னால் நின்ற ஒரே ஒரு ஹில்டா. டீச்சர் வருஷத்துக்கு ஒருமுறை போனில் கேட்பார். "இருக்குதா?" என்பார். "இருக்குது" என்பேன். "பூத்துச்சா?" என்பார். "இன்னும் இல்லை" என்பேன். மற்ற மூன்றும் எப்படிப் போயின என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னபோதெல்லாம், மிச்சம் எத்தனை என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இந்த ஒன்றைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் 'ஃபைவ் எஸ்' என்ற காய்ச்சல் பரவியது. ஜப்பானிலிருந்து வந்த ஒழுங்கு முறை. எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும், தேவையில்லாத எதுவும் இருக்கக் கூடாது. வளாகத்தை மண்டலமாகப் பிரித்து மார்க் போடுவார்கள். தேவையில்லாத பொருளின்மேல் கமிட்டி ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிடும். யாராவது ஒரு பணியாளர் வந்து 'இது என் பொறுப்பு, இன்ன உபயோகம்' என்று கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பொருளைத் தூக்கிவிடுவார்கள். உடைந்த நாற்காலி, துருப்பிடித்த அலமாரி எல்லாம் அப்படித்தான் போயின. தை மாதம், ஹில்டா தன் வழக்கப்படி கேன்டீன் வாசல் முழுக்க இலையை உதிர்த்தாள். அந்த மண்டலத்துக்கு மார்க் குறைந்தது. வரதராஜன் சார்தான் கமிட்டித் தலைவர். நான் போய்ப் பார்க்கும்போது மரத்தின் இடுப்பில் கயிறு கட்டி ஒரு சிவப்பு அட்டை தொங்குகிறது. பொருள்: மரம். நிலை: இயங்கவில்லை. முடிவு: அகற்றவும்.

நான் காண்ட்ராக்டர், வெளி ஆள், என் கையெழுத்து செல்லாது. கன்னியம்மாவின் கைநாட்டும் செல்லாது. அவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, "எவன் வெட்டுறான்னு பாக்கறேன். வூட்டுக்கே போவ மாட்டேன், இங்கியே குந்திக்கினு கீறேன்" என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கேன்டீனில் ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கெஞ்சினேன். மேனேஜர் போட்ட அட்டைக்கு எதிராகக் கையெழுத்துப் போட எவனுக்குத் தைரியம் வரும்? அப்போது சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஒருவன் எழுந்தான். இசக்கிமுத்து. இப்போது அவன் லைன் லீடர். நேராகப் போய் அட்டையைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டு, உபயோகம் என்ற இடத்தில் 'பஸ்ஸுக்கு நிற்க நிழல்' என்று எழுதினான். விஷயம் தெரிந்து வரதராஜன் சார் வேகமாக வந்தார். மேலே ஒரு இலை இல்லாத மரத்தை அண்ணாந்து பார்த்தார். நிழல் எங்கே என்று காட்டச் சொன்னார். சுற்றிலும் ஷிப்ட் முழுக்கக் கூடிவிட்டது. இசக்கி கொஞ்சமும் அசரவில்லை: "மரம் இப்ப ஆனுவல் ஷட்டவுன்ல இருக்கு சார். நம்ம லைன் ஷட்டவுன்ல இருக்கையில, ஓடலையேன்னு பிளான்ட்டையா இடிச்சுப் போடுதோம்?"

பேனருக்கு மேலே

அந்த பதிலுக்குக் கூட்டம் போட்ட கைதட்டலில் மரம் ஒரு வருஷம் தப்பித்தது. இசக்கியின் லைன் பையன்கள் தினமும் இலையை வாரினார்கள், மார்க்கும் ஏறியது. ஆனால் அடுத்த மாசியில் புதிய தலைவலி வந்தது. ஜப்பானிலிருந்து தலைமை அலுவலகப் பெரியவர் ஒருவர் ஃபைவ் எஸ் பார்க்க வருகிறாராம். வரதராஜன் சார் என்னைக் கூப்பிட்டார். "வர்ற நாளைக்குள்ள அதுல இலை வரணும். இல்லைன்னா மரம் போகணும்" என்றார். மாசியில் அதற்கு இலை வராது சார் என்றேன். பிளாஸ்டிக் இலை வாங்கிக் கட்டலாமா என்று அவர் உண்மையாகவே கேட்டார். கன்னியம்மா பக்கத்தில் இருந்தாள், "மொட்டைத் தலைக்குச் சவுரி வெக்கச் சொல்றாரே" என்றாள். நல்லவேளை, மெதுவாகத்தான் சொன்னாள். கடைசியில் ஒரு சமரசம். 'பாதுகாப்பே முதன்மை' என்று ஒரு பெரிய பேனரை மரத்துக்கு முன்னால் கட்டி மறைத்துவிடுவது, பெரியவர் போனபின் வெட்டிவிடுவது. இந்தத் தடவை எந்தக் கையெழுத்தும் எடுபடாது என்றும் சொல்லிவிட்டார். நான் டீச்சருக்கு போன் செய்யவில்லை. என்னவென்று சொல்வது?

பெரியவர் வந்த அன்று காலை நான் கேட்டுக்குள் நுழையும்போதே கன்னியம்மா கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். மேலே மேலே என்று காட்டினாள். பேனருக்கு மேலே, இலை என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லாத கிளைகளில், நுனிக்கு நுனி கொத்துக் கொத்தாகப் பூ. சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம். முந்தின வாரம் கருமொட்டு மாதிரி ஏதோ இருந்ததைப் பார்த்தேன்தான், இப்படி ஒரே மூச்சில் விரிக்கும் என்று நினைக்கவில்லை. தேன்சிட்டுகள் வந்து தொங்கிக்கொண்டிருந்தன. முதல் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் பஞ்ச் பண்ணப் போகாமல் அண்ணாந்து நின்றார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் அழுதேன், வெட்கமே படவில்லை.

ஜப்பான் பெரியவர் காரிலிருந்து இறங்கியதும் ரிசப்ஷனுக்குப் போகவில்லை. நேராகக் கேன்டீன் பக்கம் நடந்தார். பேனரைக் காட்டி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர், அதை அவிழ்க்கச் சொல்கிறார் என்றார். இசக்கி ஏற்கனவே முடிச்சில் கை வைத்திருந்தான். பேனர் விழுந்ததும் முழு மரமும் தெரிந்தது, இடுப்பில் இன்னும் அந்தப் பழைய சிவப்பு அட்டையோடு. பெரியவர் மரத்துக்குக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். பிறகு அட்டையைக் கையில் எடுத்து, இது எதற்கு என்று கேட்டார். வரதராஜன் சார் டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் சொன்னார்: "இது ரொம்ப ரேர் ட்ரீ சார். கூட்டத்துல யாரும் தவறிக்கூட வெட்டிடக் கூடாதுன்னு நான்தான் டேக் போட்டு வச்சிருக்கேன்."

ஓ.கே., ரிஜெக்ட்

அதற்குப் பிறகு ஹில்டாவைத் தொட யாருக்குத் துணிவு வரும்? வரதராஜன் சாரே மரத்தைச் சுற்றி மஞ்சள் கோடு அடித்து, 'மரம் நிற்கும் இடம்' என்று எழுதிவைத்தார். ஆனால் என் கவலை தீரவில்லை. டீச்சர் கேட்டது பூ அல்ல, விதை. பூ உதிர்ந்து காய் வந்தது. மெல்லிய காகிதப் பையை ஊதிவிட்ட மாதிரி காய், உள்ளே ஒன்றோ இரண்டோ விதை. முற்றினால் காற்றில் பறந்து போய்விடும். சித்திரைக் காற்று அடித்தபோது அவை கேன்டீன் கூரை, பஸ் மேல்தட்டு, ஜெனரேட்டர் அறை என்று எங்கும் பறந்தன. கன்னியம்மாவின் பெண்கள் ஒரு பக்கம் துரத்த, ஷிப்ட் விட்டு வந்தவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் துரத்த, அந்த வாரம் பஸ்கள் எல்லாம் தாமதமாகத்தான் கிளம்பின. அதற்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை.

பொறுக்கியதை எல்லாம் தரம் பார்க்கும் பிரிவுப் பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். பிரேக் தகட்டில் மயிரிழைக் கீறல் இருந்தாலே கண்டுபிடிக்கிற கண்கள் அவை. பூச்சி துளைத்தது ரிஜெக்ட், சுருங்கியது ரிஜெக்ட், கெட்டியாகக் கனத்தது ஓ.கே. சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து பிரித்தார்கள். ரிஜெக்ட் தட்டுதான் மலை மாதிரி ஏறியது. ஓ.கே. தட்டில் அடி மறைகிற அளவுக்குத்தான் சேர்ந்தது. அதை இசக்கி, பாகங்களை அனுப்பும் நீலப் பெட்டியில் வைத்து மூடினான்.

டீச்சரை வரச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் வந்து, மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று, மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பிறகு கோட்டைத் தாண்டி வந்து, பச்சைச் சாயல் ஓடிய வழவழப்பான பட்டையை உள்ளங்கையால் தடவினார். பெட்டியைத் திறந்து காட்டியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனி மழையில் அந்த விதைகளில் பாதிக்கு மேல் முளைத்தன. இந்தத் தடவை கன்றுகள் கேட்டு வரிசையில் நின்றது வேறு கம்பெனி மேனேஜர்கள், மணிமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஊரில் அம்மா வீட்டுக் கொல்லையில் வைக்கிறேன் என்று இசக்கி. ஒரு பகுதி டீச்சரோடு கல்வராயன் மலைக்கே திரும்பிப் போயிற்று, இந்தத் தடவை சுற்றிலும் முள்வேலியோடு.

கன்று கொடுத்த அன்று நர்சரியில் வரிசையின் கடைசியில் வரதராஜன் சாரும் நின்றார். புதிதாக வீடு கட்டியிருக்கிறாராம், வாசலில் வைக்க ஒரு கன்று வேண்டுமாம். தையில் இலை கொட்டுமே சார், வாசல் குப்பையாகுமே என்று கன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். அவர் கன்றை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, எங்கள் முதல் சண்டையை மறக்காதவராகச் சொன்னார்: "டெலிவரி டேட் எல்லாம் வேணாம் மேடம். அதுக்கு எப்ப வசதிப்படுதோ அப்ப வளரட்டும்."

ஆக, பெருமையை மேனேஜர் எடுத்துக்கொண்டு போனார், விதையை டீச்சர் எடுத்துக்கொண்டு போனார், காண்ட்ராக்டருக்கு மிஞ்சியது வழக்கம்போல் உதிர்ந்த இலையை வாருகிற வேலைதான் என்றாலும், ஒவ்வொரு தை மாதமும் அந்தக் குப்பையை நான் வேறு யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.